பற்றாசு முதல் மின்வில் வரை: உலோகப் பற்றவைப்பின் அடிப்படைகள்



மொழி வளர்க்கும் மன்றத்தின் மேடையில் இலக்கியமும் இலக்கணமும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ இரும்பும் நெருப்பும் சார்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. ஜூரோங், துவாஸ் வட்டாரக் கப்பல் பட்டறைகளிலும், ஜூரோங் தீவின் ஆலைகளிலும், தீவெங்கும் உள்ள கட்டுமானத் தளங்களிலும், தமிழில் பேசிக்கொண்டே இரும்போடு இரும்பை இணைக்கும் ஊழியர்கள் பலர் இருக்கின்றனர். அவர்கள் கைத்திறனில் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் அக்கைத்திறனுக்குப் பின்னால் நிற்கும் காரணங்கள் அவர்கள் மொழியில் அவர்களுக்குச் சொல்லப்படுவது அரிது. 'இதைச் செய்', 'அதைச் செய்யாதே' என்பன அவர்களை எட்டுகின்றன. 'ஏன்' என்பது எட்டுவதில்லை. பற்றவைப்புத் தொழிலில் அந்த 'ஏன்' என்ற ஒரு சொல்லிலேயே பல உயிர்கள் அடங்கியுள்ளன. இவ்வுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்து இதுவே.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

'வெல்டிங்' என்று உலகம் வழங்கும் தொழிலுக்குத் தமிழில் 'பற்றவைத்தல்' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. பற்றுதல் என்பதற்கு இறுகப் பிடித்தல் என்பது ஒரு பொருள். தீப் பற்றுதல் என்பது மற்றொரு பொருள். நெருப்பினால் பிடிக்கவைக்கும் தொழிலுக்கு இவ்விரு பொருளும் ஒருங்கே அமைந்த சொல் வாய்த்தது நற்பேறு.

இதனினும் பழைய சொல் ஒன்று உண்டு. அது 'பற்றாசு'. பொற்கொல்லர் இரு துண்டுகளை ஒட்டவைக்க இடையில் உருக்கி ஊற்றும் உலோகப் பொடிக்கு அது பெயர். யாப்பிலக்கணம் கற்றோர் இச்சொல்லை வேறோர் இடத்தில் சந்தித்திருப்பர். நேரிசை வெண்பாவில் முதற் குறட்பாவும் தனிச்சொல்லும் ஓசை இயையாது விட்டிசைக்கும்போது, இடையில் ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பர். அவ்வாறு கூட்டிய அசைக்கு 'ஆசு' என்று பெயர்; அவ்வெண்பா ஆசிடை நேரிசை வெண்பா எனப்படும். உலோகங்களைப் பற்றாசு இட்டு இணைப்பதையே உரையாசிரியர்கள் இதற்கு உவமையாகக் காட்டினர். பட்டறையின் சொல் இலக்கணத்துக்குள் புகுந்து விளக்கம் தந்த காலம் அது. இன்று அவ்வுதவியை இலக்கணம் பட்டறைக்குத் திருப்பிச் செய்யுமாறு நாம் கேட்கப்போகிறோம்.

இணைப்பின் மூன்று நிலைகள்

உலோகங்களை நிலையாக இணைக்கும் வழிகளை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, துளையிட்டு ஆணியால் பிணைத்தல். மரையாணியும் தறையாணியும் இவ்வகையின. இங்கே இரண்டு தகடுகளும் இரண்டாகவே இருக்கின்றன. ஆணி அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது, பற்றாசு வைத்தல். இணைக்கப்படும் உலோகத்தைக் காட்டிலும் குறைந்த வெப்பத்தில் உருகும் வேறொரு கலவையை உருக்கி இடுக்கில் பாயச் செய்வது இது. மின்னணுப் பலகைகளில் வைக்கும் ஈயப்பற்று இவ்வகையைச் சேர்ந்தது. நிரப்பும் கலவை 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் உருகினால் மென்பற்று என்றும், அதற்கு மேல் உருகினால் வன்பற்று என்றும் கொள்வர். குளிர்பதனப் பொறிகளின் செப்புக் குழாய்கள் வன்பற்றினால் இணைக்கப்படுகின்றன. இங்கும் அடிப்படை உலோகங்கள் உருகுவதில்லை.

மூன்றாவது, பற்றவைத்தல். பெரும்பாலான முறைகளில் இரண்டு உலோகங்களின் விளிம்புகளும் தாமே உருகி, ஒரு குளமாகக் கலந்து, ஆறும்போது ஒரே உடலாக உறைகின்றன. செம்மையாகச் செய்த பற்றவைப்பில் 'இது ஒரு தகடு, அது மறு தகடு' என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது. ஒட்டுதல் வேறு, ஒன்றாதல் வேறு. இத்தொழிலின் பெருமையும் ஆபத்தும் அந்த வேறுபாட்டிலேயே உள்ளன.

உலைக்களத்தில் பிறந்த கலை

மின்சாரத்துக்கு முன்னரே பற்றவைப்பு உண்டு. துருத்தி ஊதிய உலையில் இரண்டு இரும்புத் துண்டுகளை வெண்மையாக ஒளிரும்வரை காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவது கொல்லர் தொழிலின் பழைய நுட்பம். டெல்லியில் நிற்கும் இரும்புத் தூண் இதற்குச் சான்று. ஏறத்தாழ 1,600 ஆண்டுப் பழமையுடைய அத்தூணின் உயரம் சுமார் 7 மீட்டர். எடை 6 டன்னுக்கு மேல். அவ்வளவு பெரிய இரும்பை ஒரே வார்ப்பாக ஊற்றும் உலை அந்நாளில் இல்லை. சிறு சிறு இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து ஒன்றோடொன்று பற்றவைத்தே அதனை உருவாக்கினர்.

உலைக்களம் கற்பித்த பாடம் ஒன்று இன்றைய பற்றவைப்புக்கும் அடித்தளமாக உள்ளது. சூடேறிய இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தன்மேல் ஒரு செதிலை உண்டாக்கிக்கொள்ளும். அச்செதில் இடையில் நின்றால் இரும்பும் இரும்பும் சேரா. ஆகவே கொல்லர் மணலைத் தூவினர். பொற்கொல்லர் வெங்காரத்தை இட்டனர். இவை அச்செதிலை இளக்கி வழிந்தோடச் செய்யும். எனவே இவற்றை இளக்கி என்பர். வெப்பம், தூய்மை, காற்றிலிருந்து காப்பு ஆகிய மூன்றும் அமைந்தால் உலோகம் சேரும். ஒன்று குறைந்தாலும் சேராது. பின்வந்த முறைகள் யாவும் இம்மூன்றையும் நிறைவேற்றும் வெவ்வேறு வழிகளே.

மின்வில் செய்யும் வேலை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலையின் இடத்தை மின்சாரம் பிடித்தது. நிகொலாய் பெனார்தோஸ் என்பவர் ஸ்டானிஸ்லாவ் ஓல்ஸேவ்ஸ்கியுடன் சேர்ந்து கரிக்கோலுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வில்லை எழுப்பி இணைக்கும் முறைக்கு 1885இல் காப்புரிமை பெற்றார். பின்னர் நிகொலாய் ஸ்லாவ்யானோவ் கரிக்கோலுக்குப் பதிலாக உருகும் உலோகக் கோலையே மின்முனையாக்கினார். மின்முனையே உருகி நிரப்பு உலோகமாகியது. ஆனால் பூச்சில்லாத அக்கோலால் இட்ட பற்று காற்றுப் பட்டு நொறுங்கும் தன்மையுடையதாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி கோலின்மேல் பூச்சிட்டு இக்குறையைத் தீர்த்தார். நம் ஊழியர்கள் நாளும் கையிலெடுக்கும் 'ராடு' அப்பூச்சிட்ட கோலின் வழிவந்ததே.

ராடின் நுனியைத் தகட்டில் தொட்டுச் சில மில்லிமீட்டர் உயர்த்தினால் இடைவெளியில் மின்வில் எழுகிறது. அதன் மின்னழுத்தம் 20 முதல் 30 வோல்ட் அளவே. மின்னோட்டமோ 100 ஆம்பியருக்கும் மேற்பட்டது. வில்லின் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இரும்பு உருக 1,538 டிகிரி போதும். எனவே தகட்டின் விளிம்பும் ராடின் நுனியும் நொடியில் உருகிக் குளமாகின்றன. அதே வேளையில் ராடின் பூச்சு எரிந்து வாயுவாகிக் குளத்தைச் சூழ்ந்து காற்றை விலக்குகிறது. எஞ்சிய பூச்சு உருகிக் கசடாக மிதந்து, உறையும் உலோகத்தின்மேல் போர்வைபோல் படர்ந்து அது விரைந்து குளிராதபடி காக்கிறது. கொல்லர் தூவிய மணலும் பொற்கொல்லர் இட்ட வெங்காரமும் செய்த பணியை இப்பூச்சு செய்கிறது. வேலை முடிந்தபின் சுத்தியலால் தட்டி நீக்கும் கசடு, காவற்பணி முடித்த பொருள்.

பிற முறைகளைச் சுருங்கச் சொல்வோம். பூச்சுக்குப் பதிலாக வெளியிலிருந்து வாயுவைச் செலுத்திக் காப்பது ஒருவகை. கம்பி தானே ஊட்டப்பட, கார்பன் டை ஆக்சைடோ ஆர்கன் கலவையோ காவல் நிற்கும் முறை உற்பத்திச் சாலைகளில் மிகுதி. டங்ஸ்டன் முனை உருகாமல் வில்லை மட்டும் தர, நிரப்பு கம்பியை மறுகையால் ஊட்டும் முறை மெல்லிய குழாய்களுக்கும் அலுமினியத்துக்கும் உகந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஆனால் அதன்மேல் படிந்த ஆக்சைடுப் படலம் உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். உள்ளே உலோகம் நீராகிவிட, மேலே தோல் கிழியாமல் நிற்கும். மாறுமின்னோட்டத்தைப் பயன்படுத்தினால் வில்லே அத்தோலை உரித்துவிடும். கார் உடலின் தகடுகளை இரு செப்பு முனைகளுக்கிடையே அழுத்தி மின்னோட்டம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக இணைப்பது மற்றொரு வகை. 1991இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட உராய்வுக் கலப்பு முறையிலோ உலோகம் உருகுவதே இல்லை. சுழலும் கருவியின் உராய்வில் இளகிப் பிசைந்த மாவுபோல் ஒன்றாகிறது. கொல்லரின் உலைக்களப் பற்றவைப்புக்கு இது பேரப்பிள்ளை எனலாம்.

புணர்ச்சியும் விகாரமும்

இனி இவ்வுரையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். இங்கே இலக்கணத்தின் துணையை நாடுவோம்.

நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில் மாற்றம் நேர்ந்தால் அதனை விகாரப் புணர்ச்சி என்கிறோம். தோன்றல், திரிதல், கெடுதல் என அவ்விகாரம் மூவகைப்படும் என்பது நன்னூல் கற்ற மாணவர் அறிந்ததே. உலோகம் உலோகத்தோடு சேருமிடத்திலும் இம்மூன்றும் நிகழ்கின்றன. இரு தகட்டிலும் முன்பில்லாத நிரப்பு உலோகம் இடையில் வந்து அமைவது தோன்றல். உலோகத்தில் கலந்திருந்த சில தனிமங்கள் வில்லின் வெம்மையில் எரிந்தும் ஆவியாகியும் குறைவது கெடுதல். இவ்விரண்டையும் ஏற்ற ராடைத் தெரிவு செய்வதன் மூலம் ஈடுசெய்யலாம். அஞ்சத்தக்கது நடுவிலுள்ள திரிதலே.

உருகிய குளத்துக்கு அருகில், உருகாமல் ஆனால் மிகுந்த சூட்டுக்கு ஆளாகி நிற்கும் பட்டை ஒன்று உண்டு. அதனை வெப்பம் தாக்கிய பகுதி என்போம். எஃகு ஏறத்தாழ 725 டிகிரியைத் தாண்டும்போது அதன் உள்ளமைப்பு, அதாவது படிக அடுக்கு, மாறத் தொடங்குகிறது. அது மெல்லக் குளிர்ந்தால் பழைய நிலையை ஒட்டிய மென்மையை அடையும். விரைந்து குளிர்ந்தால் மிகக் கடினமானதும் நொறுங்கக்கூடியதுமான வேறோர் அமைப்பாக உறைந்துவிடும். அரிவாளின் வாயைக் காய்ச்சிக் கொல்லர் நீரில் தோய்ப்பது இம்மாற்றத்தை விரும்பித்தான். வெட்டும் வாய்க்கு அக்கடினம் வேண்டும். பாலத்துக்கும் கப்பலுக்கும் அது ஆகாது. நீரில் தோய்க்காமலேயே இது நிகழலாம் என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். தடித்த தகடு, சிறு பற்றவைப்பின் வெப்பத்தை நாற்புறமும் உறிஞ்சிக்கொண்டு தானே நீர்போல் செயற்படும்.

ஆகவேதான் தடித்த எஃகை இணைக்குமுன் சூடேற்றச் சொல்கின்றனர். எவ்வளவு சூடு என்பதை அறிய எஃகிலுள்ள கார்பனையும், மாங்கனீசு, குரோமியம் முதலிய பிற தனிமங்களின் விளைவையும் கூட்டிக் 'கார்பன் ஈடு' என ஓர் எண் கணிப்பர். மாங்கனீசின் அளவில் ஆறில் ஒரு பங்கைக் கார்பனோடு ஒப்பாகக் கொள்வது அக்கணக்கின் ஒரு கூறு. அந்த எண் 0.4க்குக் கீழ் இருந்தால் எஃகு பொதுவாக எளிதில் பற்றும். அதற்கு மேல் செல்லச் செல்ல முன்சூடேற்றல் இன்றியமையாததாகும்.

பற்றவைப்பவரின் கைவேகமும் இக்கணக்கில் இடம்பெறுகிறது. 25 வோல்ட், 120 ஆம்பியர் என்றால் மின்வில்லின் திறன் 3,000 வாட். கை நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 1.2 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. கை இருமடங்கு விரைந்தால் அது பாதியாகும்; பற்று மெலிந்து விரைந்து குளிரும். கை மிகவும் தாமதித்தால் வெப்பம் மிகுந்து உள்ளமைப்பு பருத்து வலிமை குன்றும். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்து 'மெல்ல', 'விரைவாக' என்று சொல்வதன் பின்னணி இதுவே.

ஈரம் என்னும் பகை

நம் நாட்டுத் தட்பவெப்பத்துக்கு நேரே பொருந்தும் செய்தி ஒன்றுண்டு. நம் ஊழியர்கள் '7018' என்றழைக்கும் ராடை எடுத்துக்கொள்வோம். அந்த எண்ணில் 70 என்பது, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. 1 என்பது, தரையிலும் சுவரிலும் தலைக்கு மேலும் எந்நிலையிலும் பயன்படுத்தலாம் என்பது. இறுதி 8, அதன் பூச்சு ஹைட்ரஜன் குறைந்த வகை என்பதைச் சொல்கிறது.

ஹைட்ரஜன் ஏன் குறையவேண்டும்? பூச்சில் ஈரம் இருந்தால் வில்லின் வெப்பத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் உருகிய எஃகில் கரைகிறது. எஃகு உறைந்தபின் அது வெளியேற வழியின்றிக் கடினமான பட்டையில் தங்குகிறது. குளிர்ந்து சுருங்கும் உலோகத்தின் இழுவிசையும் சேர்ந்தால், ஓசையின்றி உள்ளே பிளவு உண்டாகிறது. அதுவும் உடனே நிகழ்வதில்லை; பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்தே நிகழும். இன்று மாலை குறையின்றி இருந்த பற்று நாளை மறுநாள் காலை பிளந்திருக்கலாம். முக்கியமான இணைப்புகளை 48 மணி நேரம் கழித்துச் சோதிக்கவேண்டும் என்ற விதி இதனால் எழுந்தது.

ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் நிறைந்த நம் தீவில், பொட்டியைத் திறந்து வைத்த ராடு சில மணி நேரத்திலேயே நீரை ஈர்த்துக்கொள்ளும். ஆகவே அதனை உற்பத்தியாளர் சொல்லும் அளவில், பொதுவாக 300 டிகிரிக்கு மேல், அடுப்பில் வாட்டிச் சூடான கலத்தில் வைத்தே வேலையிடத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும். 'ராடைக் காயவை' என்ற கட்டளை மட்டும் தெரிந்தவர், அவசரத்தில் அதனை ஒருநாள் விட்டுவிடக்கூடும். அதன் காரணம் தெரிந்தவர் விடமாட்டார்.

6 மில்லிமீட்டரின் விலை

ஒன்றாதலில் ஆபத்தும் உண்டு என்றோம். அதற்கு வரலாறு தரும் சான்றுகள் இரண்டைக் காண்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் தறையாணியைக் கைவிட்டுப் பற்றவைப்பினால் கப்பல்களை விரைந்து கட்டினர். 1943 ஜனவரி 16 அன்று, போர்ட்லண்ட் துறையில் அமைதியான நீரில் நின்றுகொண்டிருந்த 'ஸ்கெனெக்டடி' என்ற புதிய எண்ணெய்க் கப்பல் பேரோசையுடன் நடுவே பிளந்தது. குளிர்ந்த இரவு, அலை இல்லை, புயல் இல்லை. வேறு பல கப்பல்களிலும் பிளவுகள் தோன்றின. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்ஸ் டிப்பர் ஆராய்ந்து, அக்கால எஃகு குறிப்பிட்ட குளிர்நிலைக்குக் கீழ் வளையாமல் நொறுங்கும் இயல்புடையது என்று காட்டினார். தறையாணிக் கப்பலில் ஒரு தகட்டில் தோன்றும் பிளவு அத்தகட்டின் விளிம்போடு பெரும்பாலும் நின்றுவிடும். பற்றவைத்த கப்பல் ஒரே உடல்; அதில் பிளவுக்கு எல்லை இல்லை.

இரண்டாவது சான்று இன்னும் நுண்ணியது. 1980 மார்ச் 27 மாலை, நார்வேயை ஒட்டிய வட கடலில், எண்ணெய்த் துறை ஊழியர்கள் தங்கியிருந்த 'அலெக்சாண்டர் கீலண்ட்' என்னும் மிதவை மேடை கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். ஐந்து கால்களுடைய அப்பேருருவத்தின் ஒரு தாங்கு குழாய் முறிந்தது. அடுத்தடுத்த தாங்கிகள் பளுவேறி முறிந்தன. ஒரு கால் தனியே பிரிந்தது.

முதல் முறிவின் பிறப்பிடம் எது என்று விசாரணையாளர் தேடினர். அக்குழாயில், கடலடி ஒலியைக் கேட்கும் சிறு கருவி ஒன்றைத் தாங்குவதற்காக ஒரு பிடி பொருத்தப்பட்டிருந்தது. அதனைச் சுற்றி 6 மில்லிமீட்டர் அளவேயான மூலைப் பற்று இட்டிருந்தனர். மேடையின் எடையைத் தாங்கும் பணி அதற்கு இல்லை. ஆகவே யாரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. அப்பற்று சரிவர ஊடுருவாமல் பிளந்திருந்தது. பிளவின் உட்புறத்தில் வண்ணப்பூச்சின் தடயம் காணப்பட்டது. அதாவது மேடைக்குப் பூச்சு அடிக்கும் முன்னரே, கட்டுமிடத்திலேயே, பிளவு இருந்திருக்கிறது. பின்னர் அலைகளின் ஓயாத அசைவில் அது சிறிது சிறிதாக வளர்ந்து தாங்கு குழாயையே அறுத்தது. முதன்மையானது எனக் கருதி இட்ட பற்று அன்று, துணைக்கு இட்ட சிறு பற்றே அத்தனை உயிரைக் கொண்டுபோயிற்று. மிதவை மேடைகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் பெயர்பெற்ற நம் தீவில் இந்த நிகழ்ச்சி ஒவ்வொரு பற்றவைப்பாளருக்கும் தாய்மொழியில் சொல்லப்படவேண்டும். 'சின்ன வேலைதானே' என்ற சொல் இத்தொழிலில் இடம்பெறக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாததைக் காணல்

பற்றின் மேற்புறம் மீன் செதில் அடுக்கியதுபோல் அழகாக இருக்கலாம். உள்ளே உருகாத பகுதியும் காற்றுத் துளையும் சிறைப்பட்ட கசடும் இருக்கலாம். ஆகவே சோதனை முறைகள் பல வகுக்கப்பட்டன. முதற் சோதனை கண்ணே. அடுத்து, சாயத்தைப் பூசித் துடைத்து மேற்பரப்பின் மயிரிழைப் பிளவைக் காண்பர். காந்தப்புலமேற்றி இரும்புத் துகள் தூவியும் பிளவைக் கண்டறிவர். உட்புறத்தை அறிய மீயொலியைச் செலுத்துவர். ஊடுகதிர்ப் படமும் எடுப்பர்.

வேலையைச் சோதிப்பதுபோல் வேலை செய்பவரையும் சோதிப்பது இத்தொழிலின் மரபு. 45 டிகிரி சாய்வில் அசையாது நிறுத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்துக் காட்டும் '6ஜி' தேர்வு, கடினமான தேர்வுகளுள் ஒன்று. கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் கை ஒரே ஓட்டத்தில் செல்லவேண்டும். அத்துண்டை வெட்டி வளைத்துப் பார்க்கும்போது பிளவு தோன்றக் கூடாது. திருச்சிராப்பள்ளியில் கொதிகலன் ஆலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளில் இத்தகு திறன் பெற்றோர் பலர். பற்றவைப்பு ஆராய்ச்சிக்கெனவே தனி நிறுவனம் ஒன்றும் அவ்வூரில் இயங்குகிறது.

தீயோடு வாழ்தல்

இணைப்பைக் காப்பது ஒன்று. இணைப்பவரைக் காப்பது அதனினும் முதன்மையானது. 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங்கில் பழுதுபார்ப்புக்கு வந்திருந்த 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் உயிரிழந்தனர். வெட்டும் சுடரிலிருந்து தெறித்த பொறி, எரிபொருள் தொட்டியில் தேங்கிய ஆவியைப் பற்றவைத்தது என விசாரணை கண்டது. பற்றவைத்தல் என்ற சொல்லின் மறுபொருள் இவ்வளவு கொடிதாக வெளிப்பட்ட நாள் நம் வரலாற்றில் வேறில்லை. எரிவாயு இல்லை எனச் சோதித்துச் சான்று பெறாமல், வெப்பப் பணிக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல், எவரும் சுடரை மூட்டக் கூடாது. அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இத்தகைய ஒரு நாள் நிற்கிறது.

பொறி கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாதவையும் உள. மின்வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணில் பட்டால் அப்போது வலிக்காது. இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைக்கும் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஆர்கன் வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை, காற்றினும் கனமானது. மூடிய தொட்டியின் அடியில் அது தேங்கினால் மூச்சுக்காற்றை அகற்றிவிடும். உள்ளே இறங்குபவர் எச்சரிக்கை எதுவும் உணராமலே மயங்கி விழுவார். அவரைக் காப்பாற்ற ஓடி இறங்குபவருக்கும் அதே கதி நேரும். 'உள்ளே போகாதே' என்ற பலகை மட்டும் நண்பன் விழக் கண்டவனைத் தடுத்துவிடாது. ஏன் போகக் கூடாது என்ற அறிவே அவனைத் தடுக்கும்.

மொழியின் கடமை

இவ்வளவும் கேட்டபின் மொழி மன்றங்கள் செய்யத்தக்கது யாது என்ற வினா எழும். ராடு, ஹோல்டர், கட்டிங், கிரைண்டிங் என்று பட்டறை வழங்கும் சொற்களை மாற்ற முற்படுவது முதற்பணி அன்று என்பதே நம் துணிபு. அவசரத்தில் ஒரு நொடியில் புரியவேண்டிய சொல், பழகிய சொல்லாகவே இருக்கட்டும். பொருளின் பெயரைக் கடன் வாங்கலாம். ஆனால் அதன் விளக்கத்தை ஒருவர் தம் மொழியில் பெறாவிட்டால் அது அவருடைய அறிவாக ஆவதில்லை. நொறுங்குதல், ஊடுருவல், சுருக்கம், தேக்கம், ஈரம், பிளவு ஆகியவை எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொற்கள். காரணத்தை எடுத்துரைக்க நம் மொழியில் சொற்பஞ்சம் இல்லை. சொல்வோரின் பஞ்சமே உண்டு.

ஆகவே சில செயல்களை முன்மொழிகிறோம். வேலை தொடங்குமுன் நிகழும் காலை நேரப் பாதுகாப்பு உரைகளில், ஒவ்வொரு விதியோடும் அதன் காரணத்தை இரண்டே வரியில் தமிழில் சொல்லும் கையேடு ஒன்று உருவாகவேண்டும். அதனைத் தமிழாசிரியர் தனியே எழுதாமல், அனுபவம் மிக்க பற்றவைப்பாளரும் சோதனைப் பொறியாளரும் உடனமர்ந்து எழுதவேண்டும். எழுதியதைப் பட்டறையில் உரக்கப் படித்துக் காட்டி, கேட்டவர் தம் சொல்லில் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார்த்தபின்பே அச்சிடவேண்டும். கவிதைப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் நாம் தரும் மேடையில் ஓராண்டேனும், தம் தொழிலைத் தமிழில் தெளிவாக விளக்கிக் காட்டும் ஊழியருக்கு இடம் தரவேண்டும்.

முற்காலத்து உரையாசிரியர் வெண்பாவின் நுட்பத்தை விளக்கப் பற்றாசைத் தேடிப் பட்டறைக்குச் சென்றார். அவர் அங்குச் சென்றதால் இலக்கணம் தெளிவு பெற்றது. இன்று தமிழறிந்தோர் மீண்டும் பட்டறைக்குச் செல்வாராயின், இம்முறை தெளிவு பெறுவது இலக்கணம் மட்டுமன்று. தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று உழைக்கும் நம்மவர் சிலரேனும் மாலையில் நலமே வீடு திரும்புவர்.